ஸ்டீல்காரரின் இரண்டாவது தொழில்: கன்ட்ரி-ராக் குழுக்களில் ஒரு நிகழ்வு ஆய்வு

போகோ என்ற அமெரிக்கக் கன்ட்ரி-ராக் குழு தொடங்கிப் பத்து ஆண்டு கழித்துத்தான் அதற்கு முதல் பெரிய வெற்றி கிடைத்தது. 1979 தொடக்கத்தில் 'கிரேஸி லவ்' பில்போர்டு பட்டியலில் 17ஆம் இடம் வரை ஏறியது. மென்மையான பாடல்களுக்கான பட்டியலில் முதலிடம் பிடித்தது. எழுதியவரும் பாடியவரும் ரஸ்டி யங். 1968இல் அவரை லாஸ் ஏஞ்சலஸுக்கு வரவழைத்தது பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிக்க. ஆனால் இந்தப் பாட்டில் காதில் விழுவது அக்கூஸ்டிக் கிட்டாரும் சேர்ந்து இசைக்கும் குரல்களும்தான். குழுவைக் காப்பாற்றியது ஸ்டீல்காரரின் கை, ஸ்டீல் அல்ல.

கன்ட்ரி-ராக் குழுக்களில் பெடல் ஸ்டீல் வாசித்தவர்களின் வாழ்க்கையை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இதே கோலம் திரும்பத் திரும்ப வருகிறது. 1968க்கும் 1975க்கும் இடையில் இந்த வாத்தியம் கலிஃபோர்னிய ராக் இசையில் எங்கும் ஒலித்தது. அதை வாசித்தவர்களில் முப்பது, நாற்பது ஆண்டு தாக்குப்பிடித்தவர்கள் அநேகமாக எல்லோருக்கும் ஸ்டீலைத் தாண்டி வேறொரு தொழில் கையில் இருந்தது. பாட்டு எழுதுவது, பொம்மைகளை அசைத்துப் படமெடுப்பது, ஆல்பம் தயாரிப்பது, கிட்டார் பட்டறை நடத்துவது என்று ஆளுக்கொன்று. திறமைக் குறைவால் தேடிக்கொண்ட மாற்று வழி என்று இதைப் பார்க்கக் கூடாது. வாத்தியத்தின் அமைப்பும் சம்பள விதிகளும் சேர்ந்து அவர்களை அங்கே தள்ளின.

வாத்தியம் ஆளைக் கட்டிப்போடும் விதம்

கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு ஸ்டீல் கிட்டாரின் பாதி விஷயம் தெரிந்ததே. விரலால் தந்தியை அழுத்துவதில்லை. உருளையைத் தந்திகளின் மேல் வழுக்கிச் சுரம் பிடிப்பார்கள். உருளை எஃகு. முக்கால் அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்துக்கும் இடைப்பட்ட தடிமன், மூன்றேகால் அங்குல நீளம், 200 கிராமுக்குச் சற்று மேல் எடை. மீதிப் பாதிதான் பெடல் ஸ்டீலுக்கே உரியது. ஒரு தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே காலாலோ முழங்காலாலோ அதன் சுருதியை ஏற்றலாம், இறக்கலாம், பக்கத்துத் தந்தி அசையாமல் நிற்கும். 1954இல் வெப் பியர்ஸின் ஒரு வெற்றிப் பாட்டில் பட் ஐசக்ஸ் இதைச் செய்து காட்டிய நாளிலிருந்து, கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் பழைய பெடல் இல்லா ஸ்டீலுக்கு மவுசு குறையத் தொடங்கியது.

நாஷ்வில்லின் பொதுச் சுருதி ஈ9. பத்துத் தந்திகள். மேலிருந்து கீழே எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி, பி. முதல் இரண்டு தந்திகளும் மூன்றாவதைவிடத் தாழ்ந்த சுரம். வேகமான சுர வரிசைகளுக்காக 1960களின் தொடக்கத்தில் பட்டி எமன்ஸ் சேர்த்தவை. இடக்காலுக்கு மூன்று பெடல்கள். 'ஏ' பெடல் 5ஆம், 10ஆம் தந்திகளை பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு ஏற்றும். 'பி' பெடல் 3, 6ஐ ஜி ஷார்ப்பிலிருந்து ஏ-வுக்கு. 'சி' பெடல் 4, 5 இரண்டையும் ஒரு முழுச் சுரம் ஏற்றும். முழங்கால் நெம்புகள் நான்கு அல்லது ஐந்து. அவற்றில் ஒன்று ஈ தந்திகளை அரைச் சுரம் இறக்கும், இன்னொன்று எஃப்-க்கு ஏற்றும்.

ஒரு ஜி மேஜர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வேண்டுமென்றால் மூன்று வீடுகள் இருக்கின்றன. தந்திகளுக்கு அடியில் வரைந்திருக்கும் சுரக்கோடுகளில் 3ஆம் கோட்டில் பெடல் எதுவும் இல்லாமல், 6ஆம் கோட்டில் ஏ பெடலோடு எஃப் நெம்பு சேர்த்து, 10ஆம் கோட்டில் ஏ, பி இரண்டையும் மிதித்து. இந்த மூன்றுக்கும் இடையே உருளையை நகர்த்தியபடியே பெடலை மிதித்து விடுவதில்தான் எல்லோரும் சொல்லும் அந்த 'அழுகை' பிறக்கிறது.

வலக்கால் வால்யூம் பெடலில். புதிதாகப் பழகுகிறவர்கள் இதைச் சத்தம் கூட்டும் கருவி என்றே நினைக்கிறார்கள். உண்மையில் இது நாதத்தை நீட்டும் கருவி. பாதி திறந்த நிலையில் தந்தியை மீட்டி, ஒலி தேயத் தேயப் பெடலைத் திறந்துகொண்டே போக வேண்டும். ராக் மேடையில் இதுதான் முதலில் கெட்டது. டிரம்ஸ் சத்தத்தில் தன் ஒலி கேட்காமல் ஸ்டீல்காரர் பெடலை ஒரேயடியாக மிதித்துவிடுவார். மேலே போக இடமில்லை. சுரம் மீட்டிய கணமே தேயத் தொடங்கும், வாத்தியம் பாஞ்சோ மாதிரி டொக்கு டொக்கென்று கேட்கும். தீர்வு பெடலில் இல்லை, ஆம்ப்ளிஃபயரில் இருக்கிறது. பிசிறு தட்டாமல் உரக்க ஒலிக்கும் பெரிய ஆம்பும் 15 அங்குல ஸ்பீக்கரும் ஸ்டீல்காரர்களின் அடையாளமாகிப் போனதற்குக் காரணம் இதுதான்.

மேடையில் வேறு என்னென்ன கெடும்? முதல் குற்றவாளி மூன்றாம் தந்தி. 0.011 அங்குலக் கம்பி, சுமார் 24 அங்குல நீளத்தில் 415 ஹெர்ட்ஸில் நிற்கிறது. ஒவ்வொரு மிதிக்கும் 440க்கு ஏறி இறங்குகிறது. தந்தியை இழுத்துத் தளர்த்தும் பொறியான சேஞ்சரின் வளைந்த தலையில் ஒரே இடத்தில் மடங்கி மடங்கி அங்கேயே அறும். அந்தத் தலையில் நாளடைவில் பள்ளம் விழுந்தால் இன்னும் சீக்கிரம் அறும். மென்மையான உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். அறுவதற்குக் காத்திருக்காமல் முக்கியமான கச்சேரிக்கு முன்பே மாற்றிவிடுவது பழகியவர்களின் வழக்கம்.

அடுத்தது உடல் வளைவு. இரண்டு பெடலைச் சேர்த்து மிதித்தால் இழுவிசையில் மரச்சட்டம் மயிரிழை வளைகிறது. தொடாத தந்திகளும் சில சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கிவிடுகின்றன. இதோடு காந்தாரத்தின் சண்டை வேறு. காதுக்கு இனிக்கும் மேஜர் காந்தாரம் பியானோவின் காந்தாரத்தைவிட 14 சென்ட் தாழ்வு. தனியாக வாசிக்கும்போது ஸ்டீல்காரர் அதையே வைத்துக்கொள்ளலாம். பியானோவும் ஃபிரெட் கட்டை பதித்த கிட்டார்கள் இரண்டும் சேர்ந்த குழுவில் அப்படி வைத்தால் 'ஸ்டீல் சுருதி சேரவில்லை' என்ற பழி அவர்மேல்தான் விழும். நடுவில் எங்கோ ஓர் இடத்தில் சமரசம் செய்துகொள்வார்கள். எங்கே என்பது குழுவுக்குக் குழு மாறும். போதாக்குறைக்கு விளக்கணைத்த மேடையில் கோடுகளே தெரியாது. உருளை வைக்க வேண்டிய இடம் கோட்டுக்கு நேர் மேலே. தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாலும் சுரம் விலகும்.

இவ்வளவையும் அடுக்கினால் தொழில் சிக்கல் தானே புரியும். இரண்டு கை, இரண்டு கால், இரண்டு முழங்கால், இரண்டு கண் எல்லாம் வேலையில் இருக்கின்றன. எழுந்து நிற்க முடியாது, பாடகரின் பக்கத்தில் போக முடியாது, நிமிர்ந்து பாடுவது கடினம். இரட்டைக் கழுத்து வாத்தியம் பெட்டியோடு 30 கிலோ வரும். கால் நான்கைத் திருகி, பெடல் சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு பெடலுக்கும் கம்பியைக் கொக்கியில் போட்டு, திறந்த தந்திகளைச் சுருதி சேர்த்து, பிறகு பெடலை மிதித்தபடி ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். முதல் குழுவுக்கும் இரண்டாம் குழுவுக்கும் நடுவே கிடைக்கும் கால் மணி நேரம் இதற்கே சரியாக இருக்கும். ராக் இசையில் முகம்தான் சரக்கு. பெடல் ஸ்டீல் முகத்தைக் குனியவைக்கும் வாத்தியம்.

கூலிக் கணக்கு

அமெரிக்க இசைக்கலைஞர் சங்க விதிப்படி ஒரு ரெக்கார்டிங் அமர்வு மூன்று மணி நேரம். அதில் 15 நிமிட இசை வரை பதியலாம், கூலி நிர்ணயிக்கப்பட்டது. நாஷ்வில்லில் காலை 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 என்று நாளுக்கு நான்கு அமர்வு நேரங்கள். பெயர் எடுத்த ஸ்டீல்காரர் ஒரு நாளில் மூன்று அமர்வுகளில் உட்காரலாம். வாத்தியம் ஊரைவிட்டு நகராது, காசு உடனே வரும்.

குழு உறுப்பினரின் கதை வேறு. கம்பெனி தரும் முன்பணம் ராயல்டியில் கழியும் வரை கையில் எதுவும் வராது. ரெக்கார்டிங் செலவு, சுற்றுப்பயணச் செலவு எல்லாம் அதே கணக்கில் ஏறும். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அமெரிக்காவில் சாதாரண வானொலி ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் காசு உண்டு, வாசித்தவருக்கு இல்லை. நாற்பது ஆண்டு நாள்தோறும் ஒலிக்கும் ஸ்டீல் துணுக்குக்கும், அதை வாசித்தவருக்கு அன்றைய மூன்று மணி நேரக் கூலிதான்.

ஆக 1968இல் ஒரு நல்ல ஸ்டீல்காரரை ராக் குழுவில் நிரந்தரமாகச் சேரச் சொல்வது, மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு லாட்டரிச் சீட்டு வாங்கச் சொல்வது போலத்தான். அதே ஆண்டு தி பேர்ட்ஸ் குழு தன் கன்ட்ரி ஆல்பத்துக்கு இரண்டு ஸ்டீல்காரர்களை அழைத்தது: நாஷ்வில்லில் லாயிட் கிரீன், லாஸ் ஏஞ்சலஸில் ஜேடீ மேனஸ். மார்ச் 15 அன்று நாஷ்வில்லின் புகழ்பெற்ற கன்ட்ரி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் நீளமுடி ராக் பையன்களோடு கிரீன் உட்கார்ந்து வாசித்தார். கூட்டம் முகம் சுளித்தது. இருவருமே குழுவில் சேரவில்லை. கிரீன் அமர்வுகளுக்குத் திரும்பினார். அது புத்திசாலித்தனமான முடிவு என்றே சொல்ல வேண்டும்.

ரஸ்டி யங்

யங் வேறு மாதிரி ஆள். 1946இல் பிறந்து கொலராடோவில் வளர்ந்தவர். ஆறு வயதில் மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் பழகியவர். இருபத்திரண்டு வயதில் நாஷ்வில் வாழ்க்கை எதையும் இழக்க வேண்டிய நிலையில் அவர் இல்லை. பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ராக் குழுவின் கடைசி ஆல்பத்தில் ரிச்சி ஃபியூரே பாடிய ஒரு பாட்டுக்கு ஸ்டீல் தேவைப்பட்டது. டென்வரிலிருந்து யங் வந்தார். அந்தக் குழு உடைந்தது. ஃபியூரேயும் ஜிம் மெசினாவும் புதிதாகத் தொடங்கிய குழுவில் அவர் கூலிக்கு வந்தவராக இல்லாமல் தொடக்க உறுப்பினராகவே இருந்தார். முதலில் 'போகோ' அல்ல, 'பாகோ'; அதே பெயரில் சித்திரக்கதை வரைந்தவர் ஆட்சேபித்ததால் ஓர் எழுத்து மாறியது.

தன் வாத்தியத்தை ராக் மேடையில் கேட்கவைக்க யங் கண்ட வழி, ஸ்டீலை லெஸ்லி பெட்டியில் செருகியது. ஹேமண்ட் ஆர்கனுக்காகச் செய்யப்பட்ட மரப்பெட்டி அது. உள்ளே மேல் ஒலிக்கான கொம்பும் கீழ் ஒலிக்கான உருளையும் மோட்டாரில் சுழல்கின்றன. மெதுவில் நிமிடத்துக்குச் சுமார் 40 சுற்று, வேகத்தில் 400. ஒலி வாய் நம்மை நோக்கி வரும்போதும் விலகும்போதும் சுருதி நெளிகிறது. இதில் ஸ்டீலைச் செருகி, வால்யூம் பெடலால் மீட்டும் ஓசையை மறைத்து, பெடல்களால் கார்டுக்குள்ளேயே சுரங்களை நகர்த்தினால் கேட்பவருக்கு ஆர்கன் என்றே தோன்றும். 1970இன் இரண்டாம் ஆல்பத்தில் 18 நிமிடத்துக்கும் மேல் ஓடும் ஒரு பதிவில் இதை முழுதாகக் கேட்கலாம். ஆர்கன் எங்கே என்று தேடினால் கிடைக்காது, அது ஸ்டீல்.

இது ஒரு வித்தையாக மட்டும் நின்றுவிடவில்லை. ஐந்து பேர் குழுவில் ஸ்டீல், ஆர்கன், டோப்ரோ (உலோகத் தட்டு பொருத்திய கிட்டார்), பாஞ்சோ, மாண்டலின் எல்லாமே ஒரே ஆள். அவரை நீக்கினால் ஓர் ஆளுக்குப் பதில் மூன்று பேரைத் தேட வேண்டும். பக்கவாத்தியக்காரருக்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பு இதுதான்.

இரண்டாவது பாதுகாப்பு வர நாளானது. முதல் ஆல்பத்தில் யங் பெயரில் இருந்தது ஒரு வாத்திய இசைத் துண்டு. பாட்டெல்லாம் பெரும்பாலும் ஃபியூரே. மெசினா 1970இல் விலகினார், பால் காட்டன் வந்தார். பாஸ் வாசித்த ராண்டி மைஸ்னர் முதல் ஆல்பம் வெளிவரும் முன்பே போய்விட்டு பிறகு ஈகிள்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரானார்; அவர் இடத்துக்கு வந்த டிமத்தி ஷ்மிட் 1977இல், அதே மைஸ்னர் ஈகிள்ஸை விட்டபோது, அங்கேயும் அவர் இடத்துக்கே போனார். 1973இல் ஃபியூரே போனதும் பாட்டெழுதுவதில் ஒரு வெற்றிடம். யங் அதில் நுழைந்தார். 1976இல் 'ரோஸ் ஆஃப் சிமரன்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு அவருடையது. 1981இல் பாடகி எமிலூ ஹாரிஸ் அதைப் பாடிப் பதிந்தபோது, வாத்தியத்தைத் தொடாமலே யங்குக்கு வருமானம் வந்தது.

1978 வாக்கில் மிஞ்சியது யங்கும் காட்டனும் மட்டும். போகோ என்ற பெயரை விட்டுவிட்டு இருவர் பெயரிலேயே ஓர் ஆல்பம் செய்யத் தொடங்கினார்கள்; கம்பெனியோ பழைய பெயர்தான் விற்கும் என்றது. அப்படி வந்ததுதான் 'லெஜெண்ட்'. பட்டியலில் 14ஆம் இடம், ஐந்து லட்சம் விற்றதற்கான தங்கத்தட்டு. ஒப்பிட்டுப் பாருங்கள்: முதல் ஆல்பம் 63ஆம் இடத்தில் நின்றது.

ஒரு சின்னக் கணக்கு. 1978 ஜனவரியிலிருந்து, விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு பாட்டுக்குச் சட்டப்படியான கட்டணம் 2.75 சென்ட், அதற்கு முன் எத்தனையோ பத்தாண்டாக 2 சென்ட். ஐந்து லட்சம் ஆல்பத்துக்கு ஒரு பாட்டு 13,750 டாலர் ஈட்டும். எழுதியவரும் பதிப்பாளரும் அதைப் பங்கிடுவார்கள். ஒப்பந்தத்திலேயே முக்கால் பங்காகக் குறைத்துவிடும் கம்பெனிகளும் உண்டு. இது பெரிய தொகை இல்லை. ஆனால் தனித்தட்டு விற்பனையும், எல்லாவற்றுக்கும் மேலாக வானொலியும் இதற்குமேல் சேர்கின்றன. மென்மையான பாட்டு வானொலியிலிருந்து இறங்குவதேயில்லை. ஸ்டீல் நாற்காலியிலிருந்து எழுந்து, கிட்டாரை மாட்டி, மைக்குக்கு முன் நின்ற பிறகுதான் யங்குக்கு இந்த வாசல் திறந்தது.

1989இல் தொடக்க உறுப்பினர்கள் ஐவரும் கூடி ஓர் ஆல்பம் செய்தார்கள். அதன் வெற்றிப் பாட்டு 18ஆம் இடம் போனது. பாடியவர் மறுபடி யங். போகோவின் எல்லா மாற்றங்களிலும் விடாமல் நின்ற ஒரே ஆள் அவர். 2013இல் ஸ்டீல் கிட்டார் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். 2017இல், எழுபதைக் கடந்த வயதில், முதல் தனி ஆல்பம். 2021 ஏப்ரலில் காலமானார்.

பீட் க்ளைனோ

யங் குழுவுக்குள்ளேயே இரண்டாவது தொழிலைக் கண்டுபிடித்தவர் என்றால், 'ஸ்னீக்கி' பீட் க்ளைனோ அதை வெளியே வைத்திருந்தவர். 1934இல் இண்டியானாவின் சவுத் பெண்ட்டில் பிறந்தவர். மிச்சிகன் மாநில நெடுஞ்சாலைத் துறையில் சாலை பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு 1963இல் லாஸ் ஏஞ்சலஸ் வந்தார். பகலில் ஸ்டாப்-மோஷன், அதாவது பொம்மையைக் கொஞ்சம் அசைத்து ஒரு சட்டம் படமெடுத்து மறுபடி அசைப்பது. ஒரு வினாடிப் படத்துக்கு 24 சட்டம். களிமண் உருவமான 'கம்பி' (Gumby) பொம்மைத் தொடரிலும், 'தி அவுட்டர் லிமிட்ஸ்' தொலைக்காட்சித் தொடரிலும் வேலை செய்தார். இரவில் கிளப்களில் ஸ்டீல்.

1968 இறுதியில், தி பேர்ட்ஸிலிருந்து வெளியேறிய கிராம் பார்சன்ஸும் கிறிஸ் ஹில்மனும் ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸைத் தொடங்கியபோது அவருக்கு வயது 34. குழுவிலேயே மூத்தவர். ஆல்பம் அட்டைக்காகத் தையற்காரர் நூடியின் கடையில் தைத்த பளபளப்பு உடைகளில் மற்றவர்கள் போதை மாத்திரையும் கஞ்சா இலையும் மயிலும் எனப் போட்டுக்கொள்ள, க்ளைனோவின் கறுப்பு வெல்வெட்டில் பறந்தது ஒரு டெரோடாக்டைல். பகல் வேலை சட்டையில் ஏறியிருந்தது.

அவர் வாத்தியம் நாஷ்வில் இலக்கணத்துக்கு வெளியே நின்றது. எட்டே தந்தியுள்ள ஃபெண்டர், ஈ9 இல்லாமல் பி6 சுருதி. மற்ற ஸ்டீல்களில் பெடலுக்கும் தந்திக்கும் நடுவே இரும்புக் கம்பிகள். ஃபெண்டரில் சைக்கிள் பிரேக் மாதிரி கேபிள். கேபிள் நாளடைவில் நீளும், சுருதி நிறுத்தம் தளரும், அடிக்கடி முடுக்க வேண்டும். ஆதாயமும் உண்டு: எந்தப் பெடல் எந்தத் தந்தியை இழுக்கும் என்பதைப் பட்டறைக்குப் போகாமல் வாசிப்பவரே மாற்றிக்கொள்ளலாம். பி6இல் தந்திகளின் சுரங்கள் நெருக்கமாக உட்காருவதால் ஈ9இன் அழகிய அழுகைக்குப் பதில் முறுக்கிய சுர ஓட்டங்கள் வரும். அதன்மேல் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெட்டி போட்டார். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு, மூன்று பதிவுகள் அடுக்கினார். 1969இன் முதல் ஆல்பத்தைக் கேட்கும்போது மின் கிட்டார் என்று பலர் நினைக்கும் இடங்கள் அவருடைய ஸ்டீல்.

அந்த ஆல்பம் எட்டிய உச்சம் 164ஆம் இடம். இன்று அதைக் கொண்டாடாதவர் இல்லை. அன்று அது யாருக்கும் சோறு போடவில்லை. 1971இல் க்ளைனோ விலகி ஸ்டூடியோ வேலைக்குப் போனார். இங்கே ஒரு முரண். பொதுச் சுருதியில் இல்லாதவருக்கு அமர்வு வேலை கிடைக்காது என்பது நாஷ்வில் நியாயம். லாஸ் ஏஞ்சலஸில் அவரை அழைத்தவர்கள் அழகான பின்னணிக்காக அழைக்கவில்லை. அந்த ஒலிக்காக, அந்த ஆளுக்காக அழைத்தார்கள். ஜோனி மிட்செல், ஜான் லெனன், ஸ்டீவி வொண்டர் என்று நீளும் பட்டியல் அப்படி வந்தது.

ஸ்டீல் வேலை மெலிந்த காலத்தில் பழைய தொழில் காத்திருந்தது. 'தி விண்ட்ஸ் ஆஃப் வார்' தொடரின் காட்சி விளைவுகளுக்காக 1983இல் எம்மி விருது. 1984இல் 'தி டெர்மினேட்டர்' படத்தின் எலும்புக்கூடு இயந்திரம் நடக்கும் காட்சிகளில் பங்கு. படவேலை ஒப்பந்தம் ஒப்பந்தமாக வரும், முடிந்ததும் ஆள் விடுதலை. சுற்றுப்பயணத்தோடு மோதாமல் மாற்றி மாற்றிச் செய்யலாம். பக்கவாத்தியக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான துணைத்தொழில் கண்டுபிடிப்பது கடினம். 2000க்குப் பிறகும் புரிட்டோ டீலக்ஸ் என்ற குழுவில் வாசித்தார். 2007 ஜனவரியில், 72 வயதில் மறைந்தார்.

நாற்காலி கைமாறுதல்

க்ளைனோ விட்ட இடத்துக்கு வந்தவர் டெக்ஸஸ்காரர் ஆல் பெர்கின்ஸ். குழுவின் ஒலி ஒரே வாரத்தில் மாறியது என்று சொன்னால் மிகையில்லை. பி6இல் முறுக்கிய வரிகளை ஈ9 வாத்தியத்தில் அப்படியே எடுக்க முடியாது. பெர்கின்ஸ் முயலவும் இல்லை, தெளிவான தன் பாணியில் வாசித்தார். சில மாதங்களில் ஹில்மனோடு சேர்ந்து ஸ்டீபன் ஸ்டில்ஸின் மனாஸஸ் குழுவுக்குப் போனார். 1972இல் ரோலிங் ஸ்டோன்ஸ் ஆல்பத்தில் ஒரு பாட்டு, பார்சன்ஸின் தனி ஆல்பங்கள், 1974இல் சதர்-ஹில்மன்-ஃபியூரே குழு, பின்னர் தயாரிப்பு வேலை. எமிலூ ஹாரிஸின் நாஷ் ராம்ப்ளர்ஸ் குழுவில் அவர் கையில் இருந்தது டோப்ரோவும் பாஞ்சோவும். தோளில் தூக்கிச் செல்லக்கூடிய வாத்தியங்கள் என்பதைக் கவனிக்கவும்.

ஜெர்ரி கார்சியா எதிர்த்திசையில் வந்தவர். கிரேட்ஃபுல் டெட் என்ற பெரிய குழுவின் கிட்டார்காரரான அவர் 1969இல் கொலராடோவில் இசட்பி கம்பெனியின் ஸ்டீல் ஒன்றை வாங்கி, பழகுவதற்காகவே நியூ ரைடர்ஸ் ஆஃப் தி பர்ப்பிள் சேஜ் குழுவில் உட்கார்ந்தார். வாங்கிய அதே ஆண்டு கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் அண்ட் யங் ஆல்பத்துக்கு அவர் வாசித்த ஸ்டீல், உலகில் மிக அதிகம் பேர் கேட்ட ஸ்டீல் துணுக்குகளில் ஒன்று. நுட்பமாகப் பார்த்தால் அது தொடக்கநிலை வாசிப்புதான். ஆனால் எந்த இடத்தில் வாய்மூடி இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரே இரவில் இரண்டு குழுவுக்கு வாசிப்பது கட்டுப்படியாகாமல் 1971இல் நாற்காலியை டொரன்டோவின் பட்டி கேஜுக்குக் கொடுத்தார். கேஜ் ஏற்கெனவே இயன் அண்ட் சில்வியாவின் கிரேட் ஸ்பெக்கில்ட் பேர்ட் குழுவில் வாசித்த முழுநேரக்காரர். இவர் வந்த பிறகே நியூ ரைடர்ஸ் குழு சொந்தக் காலில் நின்றது. 1974இல் பாப் டிலனின் ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கும் கேஜ் வாசித்தார்.

இவர்கள் எல்லோரையும்விடக் குறைவான சுரங்களை வாசித்து நீண்ட நாள் நிலைத்தவர் பென் கீத். 1961இல் வெளிவந்த பேட்ஸி க்ளைனின் புகழ்பெற்ற பாட்டில் வாசித்த நாஷ்வில்காரர். 1971 பிப்ரவரியில் பாடகர் நீல் யங் நாஷ்வில்லில் பதிவு செய்தபோது கிடைத்த ஆள் என்று அழைக்கப்பட்டார். ஒரு சுரம் நீட்டி, அதை வால்யூம் பெடலால் உள்ளே கொண்டுவந்து வெளியே கொண்டுபோவது. அவ்வளவுதான் அவர் கைவரிசை. 2010இல் இறக்கும் வரை ஏறக்குறைய நாற்பது ஆண்டு அதே பாடகரோடு. ஊடே ஆல்பம் தயாரிப்பாளர். 1995இல் ஜுவல் என்ற புதிய பாடகியின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர் அவர்தான். அது ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்றது.

ரெட் ரோட்ஸ் வட ஹாலிவுட்டின் பாலமினோ கிளப்பில் வாசித்து, மைக்கேல் நெஸ்மித்தோடு ஆல்பம் பதிந்து, கூடவே ஆம்ப்ளிஃபயரும், தந்தியின் அதிர்வை மின்னாக்கும் பிக்கப்பும் செய்யும் பட்டறை நடத்தினார். டாம் பிரம்லி பக் ஓவன்ஸ் குழுவிலிருந்து 1969இல் ரிக் நெல்சனின் ஸ்டோன் கேன்யன் பேண்டுக்கு வந்தவர். இசட்பி ஸ்டீல் செய்யும் கம்பெனியையே எடுத்து நடத்தினார். மற்ற ஸ்டீல்காரர்களுக்கு வாத்தியம் விற்பதும் ஒரு காப்பீடுதான்.

1968இல் தி பேர்ட்ஸில் சேராத ஜேடீ மேனஸை ஹில்மன் மறக்கவில்லை. 1980களின் நடுவில் டெசர்ட் ரோஸ் பேண்டைத் தொடங்கியபோது அவரையே அழைத்தார், இம்முறை முழு உறுப்பினராக. பதினேழு ஆண்டு ஸ்டூடியோவில் சம்பாதித்த பெயரோடு வந்தவருக்கு இப்போது பேரம் பேச இடமிருந்தது. 1988, 1989 ஆண்டுகளில் குழுவின் இரண்டு பாட்டுகள் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தன. 1990இல் மேனஸ் விலகி லாஸ் ஏஞ்சலஸ் அமர்வுகளுக்குத் திரும்பினார். காலியான நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் டாம் பிரம்லி.